பிள்ளைகள் பிறந்த ஊர்கள்: டர்ஹாம் சுரங்கக் குடும்பங்களின் தடம்

1881-ஆம் ஆண்டு இங்கிலாந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் டர்ஹாம் மாவட்டத்துச் சுரங்க ஊர் ஒன்றின் தாளை எடுத்தால், ஒரு வீடு இப்படி இருக்கும். குடும்பத் தலைவர், 38 வயது, நிலக்கரி வெட்டுபவர். மனைவி, 36 வயது, தொழில் கட்டம் காலி. கீழே ஆறு பிள்ளைகள். மூத்தவன் பிறந்தது ஹாஸ்வெல். அடுத்தவள் தார்ன்லி. மூன்றாவது விங்கேட். நான்காவது மறுபடியும் ஹாஸ்வெல். ஐந்தாவது சீஹாம். கைக்குழந்தை மட்டும் இதே ஊர்.

புதிதாகத் தேட வருபவர்கள் இதைப் பார்த்துக் குழம்பிப்போவார்கள். கணக்கெடுத்தவர் தப்பாக எழுதிவிட்டாரா, இல்லை ஓரிடத்தில் நிலைக்காத குடும்பமா என்று தோன்றும். இரண்டும் இல்லை. நம் பக்கத்தில் குடும்ப வரலாறு என்றால் முதலில் பூர்வீக ஊரைக் கேட்போம். குலதெய்வம் எங்கே என்று தெரிந்தால் ஆதி ஊர் பிடிபட்டுவிடும். சுரங்கக் குடும்பத்திடம் அந்தக் கேள்வி செல்லாது. அவர்கள் குழியைத் தொடர்ந்து போனவர்கள். எந்த ஆண்டில் எந்தக் குழி என்று கண்டுபிடிக்க நமக்குக் கிடைக்கிற நம்பகமான ஒரே வரிசை, அந்தத் தாய் எந்தெந்த ஊரில் பிள்ளை பெற்றாள் என்பதுதான்.

ஏன் இத்தனை இடமாற்றம்? டர்ஹாமிலும் அதற்கு வடக்கே நார்தம்பர்லாந்திலும் ஆண்டு ஒப்பந்த முறை இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை சுரங்க நிர்வாகத்தின் ஆள் நிபந்தனைகளை வாசித்துக் காட்டுவார். எழுதத் தெரியாதவர்கள் பெயருக்கு எதிரே ஒரு பெருக்கல் குறி கீறுவார்கள். அந்தக் கீறல் விழுந்தால் ஒரு வருடத்துக்கு அந்தக் குழிக்குக் கட்டுப்பட்டவர். நடுவில் விட்டுப்போனால் சிறை வரை போகலாம். 1872-ல்தான் இந்த முறை ஒழிந்தது. அதுவரை ஒப்பந்தம் முடிகிற நாள்தான் ஒரு சுரங்கத் தொழிலாளி தன் விருப்பப்படி எதையாவது தீர்மானிக்கக்கூடிய நாள். கூலி மோசமா, காற்றோட்டம் சரியில்லையா, மேற்பார்வையாளரோடு தகராறா, அன்றைக்குத் தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த குழிக்குப் போய்விடுவார்கள்.

வீடும் நிர்வாகத்தினுடையது. தேயிலைத் தோட்டத்து லயங்களைப் போல வரிசை வரிசையாகக் கட்டிய வீடுகள். வேலை இருக்கும்வரை வாடகை கிடையாது, எரிக்கக் கரியும் உண்டு. வேலை போனால் வீடும் போகும். 1844 வேலைநிறுத்தத்தின்போது குடும்பம் குடும்பமாக வெளியேற்றிச் சாமான்களைத் தெருவில் போட்டார்கள். அந்த ஆண்டையொட்டி ஒரு குடும்பம் திடீரெனப் பதிவுகளிலிருந்து மறைந்தால், மரணம் என்று முடிவு கட்டாமல் பக்கத்துப் பதிவு மாவட்டங்களில் தேட வேண்டும்.

முதலில் ஒரு அட்டவணை போடுங்கள். ஒரு வரிக்கு ஒரு பிள்ளை: பெயர், கணக்கெடுப்பில் சொன்ன வயது, பிறந்த ஊர், பிறந்திருக்கக்கூடிய ஆண்டு. ஆண்டைக் கணக்கிடக் கணக்கெடுப்பு நடந்த தேதி தேவை. 1881-ல் ஏப்ரல் 3. அன்று 7 வயது என்றால் 1873 ஏப்ரலிலிருந்து 1874 ஏப்ரல் தொடக்கம் வரை எப்போது வேண்டுமானாலும் பிறந்திருக்கலாம். 81-லிருந்து 7-ஐக் கழித்து 1874 என்று எழுதினால் பெரும்பாலும் ஓராண்டு பிசகும். 1841 தாளில் இன்னொரு சிக்கல். 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைக் கீழே இருக்கும் ஐந்தின் மடங்குக்கு இறக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள். 34 வயதுக்காரர் அதில் 30. பிறந்த ஊரும் அதில் இருக்காது. இதே மாவட்டத்தில் பிறந்தவரா என்பதற்கு ஆம், இல்லை; ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வெளிநாடு என்றால் அதற்கொரு குறி. அவ்வளவுதான். ஆகவே ஊர் வரிசை 1851-லிருந்துதான் தொடங்கும்.

பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறப்புப் பதிவைத் தேடுங்கள். சிவில் பதிவு, அதாவது பிறப்பு இறப்பு திருமணங்களை அரசே பதிவது, 1837 ஜூலை 1-ல் தொடங்கியது. பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையில் தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயர் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. பழைய அச்சு அட்டவணையில் அது 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் வரும். இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை மிச்சம். ஸ்மித், ராப்சன், பிரவுன் என்று ஒரே குடும்பப் பெயர் தெருவுக்குப் பத்து வீட்டில் இருக்கும் ஊரில், தாய்வீட்டுப் பெயரை வைத்துத்தான் நம் பிள்ளையைப் பிரித்தெடுக்க முடியும். 1875-க்கு முன் பிறப்பைப் பதியாவிட்டால் தண்டிக்கச் சட்டத்தில் வலு இல்லாததால் சில பிள்ளைகள் விடுபட்டிருப்பார்கள். அவர்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு. ஆனால் ஊர்ப் பொதுத் தேவாலயத்தோடு நிறுத்தாதீர்கள். சுரங்க ஊர்களில் பிரிமிட்டிவ் மெதடிஸ்ட் என்ற தனிக் கிறிஸ்தவச் சபை வலுவாக வேரூன்றியிருந்தது. அவர்களுடைய பதிவேடு ஊர்வாரியாக இல்லாமல் பல ஊர்கள் சேர்ந்த வட்டத்தின் பெயரில் இருப்பதால், ஊர்ப் பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காது. அயர்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பமானால் பெயரே லத்தீனில் இருக்கலாம்.

ஊர்ப் பெயர்களில் பலர் வழி தவறுகிறார்கள். ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர் என்றிருந்தால் உடனே அமெரிக்கக் கப்பல் பட்டியலைத் தேடப் போய்விடுகிறார்கள். ஃபிலடெல்ஃபியா, ஹௌட்டன்-லெ-ஸ்பிரிங் பக்கத்தில் ஒரு சுரங்க ஊர். வாஷிங்டன் இங்கேயே இருக்கிறது. பிஷப் ஆக்லாந்து அருகே டொரான்டோ, எஷ் ஊருக்கு அருகே கியூபெக், ஸ்டான்லிக்கு அருகே நோ பிளேஸ் என்ற பெயரில் ஓர் ஊர். எல்லாம் பழைய டர்ஹாம் மாவட்டத்துக்குள்ளேயே. இன்னொரு பிசகு: ஈசிங்டன் என்பது பழைய ஊர், ஈசிங்டன் கோலியரி என்பது 1899-ல் குழி தோண்டத் தொடங்கிய பிறகு எழுந்த ஊர். அதே பெயரில் பல ஊர்களை அடக்கிய பதிவு மாவட்டமும் உண்டு. பிறப்பு அட்டவணையில் ஈசிங்டன் என்றிருந்தால் அது மாவட்டத்தைக் குறிக்கும். ஊர் எது என்று சான்றிதழ் வாங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

இடமாற்றங்களின் பொதுத் திசை தெரிந்திருந்தால் தேடல் எளிது. பழைய குழிகள் மேற்கிலும் ஆற்றோரங்களிலும். கிழக்கே கரிப்படுகையை மக்னீசியச் சுண்ணாம்புப் பாறை மூடியிருந்ததால் அங்கே நல்ல கரி இல்லை என்றே நம்பினார்கள். 1820-களின் தொடக்கத்தில் ஹெட்டனில் அந்தப் பாறையைத் துளைத்துக் கரியை எட்டியதும் எல்லாம் மாறியது. குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கிழக்கே நகர்ந்தன. 1900-க்குப் பிறகு கடற்கரையோர ஈசிங்டன், ஹோர்டன், பிளாக்ஹால். ஈசிங்டனில் சுண்ணாம்புப் பாறையின் நீரூற்றுகள் குழியை நிரப்பிக்கொண்டே இருந்தன. நீர் நிறைந்த மண்ணை உறையவைத்துத் தோண்டிக் கரியை எட்ட 1910 ஆகிவிட்டது. ஆக 1901 கணக்கெடுப்பில் அந்தக் குழியில் வேலை செய்தவர் கரி வெட்டியவர் அல்ல, புதுக் குழியைத் தோண்டி இறக்குபவர். அது தனித் தொழில். அவர்களுடைய ஊர் வரிசை டர்ஹாமைத் தாண்டி யார்க்‌ஷயர் வரைக்கும் போகலாம்.

தொழில் கட்டத்தில் எழுதியிருக்கும் சொல்லை மேலோட்டமாகக் கடந்துவிடக் கூடாது. அந்தச் சொல்லே அந்த மனிதரின் வயதையும் உடல்நிலையையும் சொல்லிவிடும். சிறுவன் முதலில் டிராப்பர். காற்றோட்டக் கதவுக்குப் பின்னால் இருட்டில் உட்கார்ந்து, வண்டி வரும்போது கயிற்றை இழுத்துத் திறந்து, போனதும் மூடுவது அவன் வேலை. கேட்பதற்குச் சின்ன வேலை. ஆனால் சுரங்கத்துக் காற்று குறித்த வழியில் சுற்றிவருவது அந்தக் கதவுகளால்தான். ஒரு கதவு திறந்து கிடந்தால் காற்று குறுக்கு வழியில் போய்விடும், கரி வெட்டும் முகப்பில் மீத்தேன் சேரும். அடுத்து மட்டக்குதிரை ஓட்டுபவன். 17, 18 வயதில் புட்டர், அதாவது கரித் தொட்டிகளைத் தள்ளுபவன். உடம்பு தேறியதும் இருபதுகளில் ஹ்யூவர், கரி வெட்டுபவர். கூலியில் உச்சம் அதுதான். நாற்பதுகளின் கடைசியிலோ ஐம்பதிலோ மூச்சு வாங்கத் தொடங்கும்போது ஷிப்டர், இரவில் பாதையைச் சீர்செய்பவர். கடைசியில் மேலே, கரியிலிருந்து கல் பொறுக்கும் இடத்தில், பேரன் வயதுப் பையன்களோடு. ஒருவர் 40 வயதிலேயே ஷிப்டர் என்றிருந்தால் விபத்தையோ நுரையீரலையோ தேட வேண்டும்.

சிறுவர்களின் வயதுக்குச் சட்டங்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1842-ல் பத்து வயதுக்குக் குறைந்த சிறுவர்களையும் பெண்கள் எல்லோரையும் நிலத்தடியில் இறக்கத் தடை. 1860-ல் 12 வயது, எழுதப் படிக்கத் தெரிந்த சான்று இருந்தால் பத்து. 1911-ல் 14. கணக்கெடுப்பில் ஒரு பையனின் வயது முந்தைய தாளோடு பொருந்தாமல் ஓராண்டு கூடியிருந்தால் இந்த எல்லைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டுக்கு அந்தக் கூலி தேவைப்பட்டிருக்கும்.

சுரங்க மரணம் என்றதும் பெரிய விபத்துகள்தான் நினைவுக்கு வரும். 1862 ஜனவரி 16 அன்று நார்தம்பர்லாந்தின் ஹார்ட்லியில் நீரிறைக்கும் இயந்திரத்தின் இரும்பு உத்தரம் ஒடிந்து, இருந்த ஒரே குழிவாயில் விழுந்து அடைத்தது. 204 பேர் இறந்தார்கள். அப்பாவும் மகன்களும் ஒரே ஷிப்டில். ஒரே நாளில் ஆண்வழி முழுதும் அறுந்துபோன வீடுகள் உண்டு. குழிக்கு இரண்டு வாய் கட்டாயம் என்ற சட்டம் அதே ஆண்டில் வந்தது. 1880 செப்டம்பர் 8 சீஹாமில் 164 பேர். உள்ளே மாட்டிக்கொண்டு இறந்த மைக்கேல் ஸ்மித், நோயுற்றுக் கிடந்த தன் குழந்தையை நினைத்து மனைவி மார்கரெட்டுக்கு எழுதியதைத் தன் தகரத் தண்ணீர்ப் புட்டியில் கீறி வைத்திருந்தார். தீயை அணைக்க அந்தப் பகுதியை அடைத்துவிட்டதால் சில உடல்களை எடுக்க ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. ஆகவே அடக்கப் பதிவை 1880-ல் மட்டும் தேடி நிறுத்தக் கூடாது. 1909 பிப்ரவரி 16 வெஸ்ட் ஸ்டான்லியில் 168 பேர்.

ஆனால் சுரங்கத்தில் இறந்தவர்களில் மிகப் பலர் தனித்தனியாகச் செத்தவர்கள். கூரைக்கல் விழுந்து ஒருவர், தொட்டி மோதி ஒரு பையன். நினைவுச்சின்னம் எதிலும் அந்தப் பெயர்கள் இருக்காது. இவர்களைத் தேட மூன்று இடங்கள் உண்டு. இறப்புச் சான்றிதழில் தகவல் தந்தவர் இடத்தில் மரண விசாரணை அதிகாரி இருந்தால் விசாரணைத் தேதியும் இருக்கும். அந்தத் தேதியை வைத்துக்கொண்டு அந்த வாரத்து டர்ஹாம் கிரானிக்கிள், டர்ஹாம் கவுன்ட்டி அட்வர்டைசர் பத்திரிகைகளைப் பாருங்கள். சாட்சி சொன்ன கூட்டாளியின் வார்த்தைகள்கூடக் கிடைக்கலாம். அடுத்து, 1850-களிலிருந்து வரும் சுரங்க ஆய்வாளர்களின் ஆண்டறிக்கைகள். மூன்றாவது டர்ஹாம் சுரங்க அருங்காட்சியகம் தொகுத்திருக்கும் பெயர்ப் பட்டியல். எதிலும் பெயரின் எழுத்து பிசகியிருக்கலாம். வயதை ஒருபோதும் நம்பாதீர்கள். அடிபட்டு மாதக்கணக்கில் வீட்டில் கிடந்து இறந்தவர்கள் பட்டியல்களில் தவறிப்போவது உண்டு. கரித்தூசியால் செத்தவர்களோ எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர்களுடைய சான்றிதழில் மூச்சுக்குழாய் அழற்சி, ஆஸ்துமா, காசம் என்றுதான் எழுதியிருப்பார்கள்.

கணவன் இறந்தால் மனைவிக்குத் துக்கத்தோடு வீட்டுக் கவலையும் சேர்ந்து வந்தது. வீடு வேலைக்கு உரியது. வேலை செய்ய ஆண் இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். பன்னிரண்டு வயது மகன் குழியில் இறங்கலாம்; சம்பளம் வாங்கும் வாலிபர்களைத் தங்கவைத்துச் சமைத்துப் போடலாம்; இல்லை மறுமணம். ஆறு மாதத்தில் மறுமணம் செய்தவளைப் பற்றித் தப்பாக நினைக்கும் பேரப்பிள்ளைகளைப் பார்க்க முடிகிறது. அவளுக்குக் கூரை வேண்டியிருந்தது. தேடுபவருக்கு இது நடைமுறையில் எப்படி உதவும் என்றால்: தந்தை இறந்தபின் பிள்ளைகள் காணாமல்போனால், இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் தாயின் திருமணப் பதிவைத் தேடுங்கள். அடுத்த கணக்கெடுப்பில் பிள்ளைகள் மாற்றாந்தந்தையின் குடும்பப் பெயரில் இருப்பார்கள். திருமணம் ஆகும்போது சொந்தப் பெயருக்குத் திரும்பியிருப்பார்கள். வேலையிலிருந்து ஓய்ந்த முதியவர்களுக்கும் இதே வீட்டுக் கவலைதான். 1898-ல் டர்ஹாம் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து பணம் போட்டு முதியோருக்கு வீடு கட்டச் சங்கம் தொடங்கியதன் காரணம் அதுதான்.

பெயர் வைப்பதில் நமக்கு அவர்கள் அந்நியர் அல்ல. தாத்தாவின் பெயரைச் சுமப்பதால்தானே பெயரன், பேரன் என்கிறோம். அங்கேயும் தாத்தா பெயர் பேரனுக்கு வரும். அதனால் ஒரே காலத்தில் ஒரே ஊரில் மூன்று சித்தப்பா பெரியப்பா மக்கள் ஒரே பெயரில் இருப்பார்கள். குழந்தை இறந்தால் அடுத்து பிறந்ததற்கு அதே பெயரை வைப்பார்கள். முதல் பிறப்புப் பதிவைக் கண்டதும் நிறுத்தினால், இறந்த குழந்தையின் சான்றிதழை வைத்துக்கொண்டு உயிரோடிருந்தவரின் வரலாற்றை எழுதிவிடுவோம். ஒவ்வொரு பெயருக்கும் இறப்பு அட்டவணையையும் பார்த்துவிட வேண்டும். நடுப்பெயர் குடும்பப் பெயர்போல ஒலித்தால் அது பெரும்பாலும் தாய்வழிப் பெயர்.

குழிக்குள் யார் இருக்கிறார் என்று கணக்கு வைக்க ஆளுக்கொன்று கொடுத்த பித்தளை டோக்கன் ஒன்று வீட்டுப் பெட்டியில் கிடைத்தால் அதில் குழியின் பெயரும் எண்ணும் இருக்கும். குழி எது என்பதற்கு அது நல்ல சான்று. ஆள் யார் என்பதற்கு அல்ல. ஒருவர் போனால் அந்த எண்ணை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். சுரங்கங்களை அரசுடைமையாக்கியபின் நடத்திய தேசிய நிலக்கரி வாரியத்தின் பெயர் பொறித்திருந்தால் அது 1947-லோ அதற்குப் பிறகோ வந்தது, அதற்கு முன்பே குழியை விட்டவருடையதாக இருக்க முடியாது.

குழியின் பெயரை நேரடியாகச் சொல்லும் கணக்கெடுப்பு 1921-ல்தான் வந்தது. அதில் முதலாளி யார், வேலையிடம் எது என்று தனிக் கட்டம் உண்டு. ஏப்ரல் 24 அன்று நடக்க இருந்ததைச் சுரங்கக் கதவடைப்பையொட்டிய கொந்தளிப்பால் ஜூன் 19-க்குத் தள்ளினார்கள். அன்றும் கதவடைப்பு முடியவில்லை. அதனால் நிறுவனத்தின் பெயரை எழுதிப் பக்கத்திலேயே வேலையில்லை என்றும் எழுதியிருப்பார்கள். அந்த வேலையின்மை அவருடைய தனிப்பட்ட நிலை அல்ல, ஊரே அன்று அப்படித்தான். அதற்கடுத்த 1931 தாள்கள் 1942-ல் தீயில் அழிந்தன. 1941-ல் கணக்கெடுப்பே இல்லை. 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த போர்க்காலப் பதிவேடு மட்டும்தான் அந்த இடைவெளிக்குப் பாலம். பின்னாளில் மணமான பெண்களின் புதுப் பெயரை அதில் மேலே எழுதிச் சேர்த்திருப்பார்கள்.

ஊரே இல்லாமல் போயிருக்கலாம். 1951-ல் மாவட்டத் திட்டம் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களை டி வகை என்று குறித்தது. அங்கே இனிப் புது வீடு இல்லை, முதலீடு இல்லை, தானாகத் தேயட்டும் என்பது அதன் பொருள். 1977-ல் கைவிடும்வரை அந்த முத்திரை இருந்தது. அவற்றில் சில ஊர்கள் இருந்த இடத்துக்கு இப்போது போனால் புல்வெளிதான். ஆர்டினன்ஸ் சர்வே என்ற பிரிட்டன் அரசு நில அளவைத் துறையின் பழைய வரைபடத்தில், மைலுக்கு 25 அங்குல அளவில், வீட்டு வரிசைகளும் ஜெபக்கூடமும் கொல்லைக் கழிப்பறையும்கூடத் தெரியும். கணக்கெடுத்தவர் எந்த முனையில் தொடங்கி எப்படி நடந்தார் என்பதைத் தாளின் வரிசையோடு ஒப்பிட்டால் எந்த வீடு என்பதைக்கூட ஓரளவு நெருங்கிவிடலாம்.

அந்த வீட்டுக்குள் இருந்தவளைப் பற்றி எந்தத் தாளும் ஒன்றும் சொல்வதில்லை. தொழில் கட்டம் காலி. கதவருகே சுவரில் ஒரு சிலேட்டு பதித்திருக்கும். யார் எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்று சாக்கட்டியால் எழுதி வைத்தால் எழுப்புகிற ஆள் வந்து தட்டுவார். கணவனும் இரண்டு மகன்களும் மூன்று ஷிப்டில் இருந்தால் மூன்று நேரம் எழுதியிருக்கும். மூன்று தடவை அடுப்பு, மூன்று தடவை தகரத் தொட்டியில் வெந்நீர், முதுகைத் தேய்த்துவிடுவது, கரித்தூசி படிந்த உடுப்பை வெளிச்சுவரில் அடித்து உதறிக் காயவைப்பது. 1908-ல் வந்த எட்டு மணி நேரச் சட்டம் 1910 தொடக்கத்தில் டர்ஹாமில் நடைமுறைக்கு வந்தபோது பல குழிகள் மூன்று ஷிப்டுக்கு மாறின. ஆண்களுக்கு வேலை நேரத்தை வரையறுத்த அதே சட்டம் அவளுடைய தூக்கத்தைத் துண்டு துண்டாக்கியது. எரிப்பதற்கான கரியைப் பின் தெருவில் கொட்டிவிட்டுப் போவார்கள். ஆண்கள் கீழே இருப்பார்கள், அவள்தான் அள்ளிப் போட வேண்டும். குழி வாசலில் குளியலறைகள் பெருகியதெல்லாம் 1920-ல் டன்னுக்கு ஒரு பென்னி வீதம் நலநிதி வசூலிக்கத் தொடங்கிய பிறகு, மெல்ல மெல்ல.

அவளைப் பற்றி ஏதாவது தெரிய வேண்டுமென்றால் 1911 தாளுக்குப் போங்கள். வீட்டிலேயே நிரப்பிய தாள்கள் அப்படியே மிஞ்சியிருக்கும் முதல் கணக்கெடுப்பு அது. மணமாகி எத்தனை ஆண்டு, உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இருப்பவர்கள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை என்று நான்கு கட்டங்கள். உங்கள் அட்டவணையில் ஏழு பிள்ளைகள் இருந்து தாளில் பிறந்தது பதினொன்று என்றிருந்தால், இரண்டு கணக்கெடுப்புகளுக்கு இடையில் பிறந்து இறந்த நால்வரை இன்னும் நீங்கள் கண்டுபிடிக்கவில்லை. ஊர் வரிசையில் இடைவெளி எங்கே என்று பாருங்கள், அந்த ஊர்களின் அடக்கப் பதிவேட்டில் இருப்பார்கள்.

கணவன் உயிரோடு இருக்கும் பெண்கள் மட்டும்தான் அந்தக் கட்டங்களை நிரப்ப வேண்டும் என்பது விதி. கைம்பெண்கள் பலர் அதைக் கவனிக்காமலோ, விட மனமில்லாமலோ எழுதிவிட்டார்கள். அலுவலகத்தில் சிவப்பு மையால் குறுக்கே அடித்தார்கள். கோட்டுக்கு அடியில் எண்கள் தெளிவாக இருக்கின்றன. பதின்மூன்று, ஆறு, ஏழு.